நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

1

இந்தக் கதையைத் தமிழில் எழுத ஒரே காரணம்தான்: மார்த் ஒபினெலுக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சில் எழுதி மேசையில் வைத்தால், வீடு கூட்ட வருபவளைப் பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு நாவல், ஒன்பது கட்டுரைத் தொகுதி எழுதியவர். நான்கு வருடமாகக் கண் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதுவதும், புத்தகங்களை உரக்கப் படித்துக் காட்டுவதும் என் வேலை. பத்தொன்பது வருடமாக அவரிடம் இருக்கிறேன். என் பெயர் சந்தியாகு. அவர் என்னைக் 'காரைக்கால்' என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நேற்று, சனிக்கிழமை, செய்ன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டி ஒன்றில் வாங்கினேன். இன்று ஞாயிறு. அவசர அவசரமாக எழுதுகிறேன். இதை அச்சுக்கு அடிப்பவர் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும்.

2

(முதல் தொடக்கம், கைவிட்டது.) இலையுதிர்காலத்தின் பொன்னிற ஒளியில் செய்ன் நதி மெல்ல—

வேண்டாம். முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்த நதியைக் குடை மறந்த எரிச்சலோடுதான் எப்போதும் பார்த்திருக்கிறேன்.

(இரண்டாவது தொடக்கம்.) ஒரு பெண் ஒரு இளைஞனின் எழுத்தை ஒரே பத்தியில் முடித்துவைத்தாள்.

வரி நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் விசாரணை எதற்கு? ஆகவே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அமெதே என்று ஒரு நதிக்கரை வியாபாரி. பச்சைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, கிழவி இன்னைக்குக் கயித்த அவுத்து விட்டுட்டாங்களா?"

"அரை நாள் லீவு. ஏதாவது இருக்கா?"

"உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு வந்திருக்கு. தொலஞ்சு அம்பது வருஷமிருக்கும். பாத்துட்டு மயங்கி விழுந்துடாத, இங்க உக்கார எடமில்ல."

மெல்லிய புத்தகம், காகித அட்டை. 'மதகுக்காரி', எத்தியேன் கோர்வால் எழுதிய நாவல், 1963. திறந்தால் முதல் தாளில் நீல மை: 'மதாம் மார்த் ஒபினெலுக்கு. உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறேன். எ. கோர்வால்.'

"கையெழுத்துத் தாளக் கிழிக்காம வித்திருக்காங்க பாரு!" என்று அமெதே குலுங்கிச் சிரித்தான். "அவ்ளோ பெரிய எழுத்தாளரு, இது கூடவா தெரியாது?"

இங்கே விமர்சகர்கள் எல்லோரும் செய்வதுதான்.* வாரத்துக்கு இருபது புத்தகம் வந்து விழும். ஒவ்வொன்றிலும் எழுதியவர் தன் கையால் ஒரு வரி எழுதியிருப்பார். வேண்டாததைப் பழைய புத்தகக் கடையில் தள்ளுவதற்கு முன் அந்த ஒரு தாளைக் கிழித்துவிடுவார்கள். அது ஒரு மரியாதை. மார்த் ஒருமுறை மறந்திருக்கிறார்.

* என் முதலாளியம்மாவும் செய்தார். கண் போன பிறகு அவர் சொல்லி நானே கிழித்திருக்கிறேன், பலமுறை.

ஆனால் அமெதே கவனிக்காத ஒன்றை நான் டிராமில் கவனித்தேன். அந்தக் காலத்தில் இங்கே புத்தகங்கள் பதினாறு பதினாறு பக்க மடிப்போடு வரும். வாங்கியவர்தான் காகிதக் கத்தியால் ஓரத்தை வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் நாற்பத்தெட்டாம் பக்கம் வரை வெட்டியிருக்கிறது. நாற்பத்தொன்பதிலிருந்து கடைசிப் பக்கமான இருநூற்று எட்டு வரை மடிப்புகள் அப்படியே இருக்கின்றன, யாரும் தொடாமல்.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

3

ஏன் இவ்வளவு பரபரக்கிறேன் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

மார்த்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரு கட்டுரை. 'முடிக்கத் தெரியாதவர்கள்' என்று தலைப்பு. இருபத்தேழு வயதில் ஒரு நாளிதழில் எழுதியது. இன்றும் பள்ளிக்கூடங்களில் பாடம். இளம் நாவலாசிரியர்கள் முடிவுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்பது வாதம். அதற்கு அவர் எடுத்த ஒரே உதாரணம் கோர்வாலின் நாவல். கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகைக் காவல்காக்கும் ஒரு பெண்ணின் கதை அது. கட்டுரையின் கடைசி வரிகளை எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒப்பிக்கும்: 'இருநூறு பக்கங்களுக்குப் பிறகும் அவள் கரையில் நின்று தண்ணீரைத்தான் பார்க்கிறாள். அவருக்கு முடிக்கத் தெரியவில்லை. நமக்கு முடிந்துவிட்டது.'

நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் படித்தேன். கடைசி வரியில் அவள் கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசி மடிப்பை மெதுவாகக் குழல் மாதிரி உப்பவைத்து, ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அரை வரிகள் கிடைத்தன: '...கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு...', '...மூன்று படகுகளும்...', '...முதல்முறையாக ஓடினாள்.' ஓடினாள்! சமையலறையில் தனியாக நின்று கத்திவிட்டேன்.

கத்தியை எடுத்து வெட்டியிருக்கலாமே? வெட்டியிருக்கலாம். ஆனால் வெட்டாத அந்த மடிப்புகள்தான் சாட்சி. முடிவைப் படிக்க வேண்டுமானால், அது படிக்கப்படவில்லை என்பதற்கான ஆதாரத்தை நானே அழிக்க வேண்டும். (பெரிய நூலகங்களில் இன்னொரு படி இருக்காதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கும். எனக்கு வேண்டியது கதை மட்டும் அல்ல.)

இன்னொரு சிக்கலும் உண்டு. மார்த்தின் மொத்தப் படைப்புகளும் ஒரே பெரிய தொகுப்பாக வரப்போகின்றன. பின்குறிப்புகள் எழுதுவது நான். பதிப்பகத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'முடிக்கத் தெரியாதவர்க'ளுக்கான முதல் குறிப்பு, ஆசிரியர் எந்தப் படியைப் படித்தார் என்பது.

4

இங்கே எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. மார்த்தை வில்லி ஆக்கிவிட்டேனா?

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். நின்றுகொண்டேதான் சொல்வார். ஒரு வாக்கியம் சரியாக அமைந்துவிட்டால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார். நாவலின் கடைசி வரியை முதலில் சொல்லி எழுதவைத்துவிட்டு, பிறகு இரண்டு வருடம் அதை நோக்கி நடப்பார். இருபத்திரண்டு நாவலும் அப்படித்தான். 'ஒபினெல் முடிவு' என்று பேராசிரியர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். இப்போது எனக்கு ஒரு யோசனை வருகிறது, வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை: படிக்காத ஒரு முடிவைப் பழித்துப் பெயர் வாங்கியவர், வாழ்நாள் முழுக்க முடிவுகளைச் செதுக்கியே அந்தக் கடனைத் தீர்த்தாரோ? அந்தப் பொய்தான் இந்தக் கலைஞரை உண்டாக்கியதோ?

யோசனை மிக அழகாக இருக்கிறது. ஆகவே நம்பாதீர்கள்.

திங்கட்கிழமை பதினோரு மணி. அவர் வழக்கம்போல ரொட்டி, வெண்ணெய், உப்பு, சிவப்பு முள்ளங்கியோடு சமையலறையில் இருந்தார்.

"காரைக்கால், ஏன் மூச்ச எண்ணி எண்ணி விடுற?"

"மதாம், எத்தியேன் கோர்வால்னு ஒருத்தர்..."

"முடிக்கத் தெரியாதவன். அவனுக்கென்ன?"

"அவரு உங்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புன படி கெடச்சிருக்கு."

வெண்ணெய்க் கத்தி நின்றது. "வெட்டியிருக்கா?"

இதைத்தான் அவர் முதலில் கேட்டார். என்ன புத்தகம், எங்கே கிடைத்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"நாப்பத்தெட்டு வரைக்கும்."

"நாப்பத்தெட்டா?" முகத்தில் உண்மையான வியப்பு. "நான் அறுபதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!"

பிறகு சொன்னார். சாவகாசமாக, ஒரு முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே. "லியோன்லேர்ந்து ரயில்ல வர்றேன். நாலு மணிக்குக் கட்டுரை குடுத்தாகணும். உதாரணம் ஒண்ணு வேணும். அந்தப் பையனோட புத்தகம் பைல கெடந்துச்சு. மூணு மடிப்பு வெட்டுனேன். நாலாவது வெட்டக் கத்திய வெக்கறப்ப அந்தக் கடைசி வரி வந்துடுச்சு. வந்துட்டா விடுவியா நீ? நல்ல வரியா இல்லியா, அதச் சொல்லு."

"நல்ல வரிதான், மதாம்."

"அதான் கேடு."

அதோடு சிரிப்பு போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டார். "வெட்டு. படிச்சுக் காட்டு. கத்தி இழுப்பறைல இருக்கு."

"வெட்டுனா சாட்சி போயிடும்."

"நாந்தான் ஒத்துக்கிட்டேனேப்பா!"

"என்கிட்ட ஒத்துக்கிட்டீங்க."

பத்தொன்பது வருடத்தில் நான் அவரை அப்படி மறித்துப் பேசியதில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் எழுதச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். பேனாவை எடுத்தேன்.

"குறிப்பு ஒண்ணு. 'இக்கட்டுரையை எழுதியபோது ஆசிரியர் அந்த நாவலின் முதல் நாற்பத்தெட்டுப் பக்கங்களை மட்டுமே படித்திருந்தார்.' முற்றுப்புள்ளி." மேசையை இரண்டு தட்டு. உடனே, "அனுப்பிடாத! அந்த ஆளு உயிரோட இருக்கானான்னு பாரு. இத அவன் அச்சுல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

5

உயிரோடு இருந்தார். தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தார். ஓசேர் பக்கத்தில், கால்வாய்க்கரை ஊர் ஒன்றில். எண்பத்திரண்டு வயது. குரல் திடமாக இருந்தது. ஒபினெலின் தொகுப்புக்குக் குறிப்பு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"அந்தம்மா நல்லாருக்காங்களா? அவங்க புத்தகம் பூரா என்கிட்ட இருக்கு."

"உங்களுக்குக் கோவம் இல்லியா?"

"எதுக்கு? மத்தவங்க திட்டுனப்பல்லாம் கோவம் வந்துச்சு தம்பி. புரட்டிப் பாத்துட்டு எழுதுறானுங்கன்னு தெரியும். இவங்க அப்பிடியா? கடேசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுல்ல சொன்னாங்க. சரியாத்தான் இருக்கும்னு பேனாவ மூடி வெச்சுட்டேன். எங்கம்மா பாத்துட்டிருந்த மதகுலயே வேலைக்குச் சேந்தேன். முப்பத்தி நாலு வருஷம். படகுக்காரங்க யாரும் முடிவு பத்திக் கேக்க மாட்டாங்க, வசதி."

நான் கேட்டேன்: "உங்க நாவல் எப்படி முடியும்?"

"அதான் அவங்களே எழுதியிருக்காங்களே. கரைல நின்னு தண்ணியப் பாத்துட்டிருப்பா."

"நீங்க அப்படித்தான் எழுதுனீங்களா?"

"அப்படித்தான் ஞாபகம். அம்பத்தாறு வருஷமாச்சு. மிஞ்சுன படியெல்லாம் பதிப்பகத்துல கூழாக்கிட்டாங்க. என்கிட்ட இருந்த ஒண்ண நானே அடுப்புல போட்டேன். ஏன் தம்பி, வேற மாதிரியா இருந்துச்சு?"

போன் எப்படி வைத்தேன் என்று நினைவில்லை. அவர் எழுத்தை நிறுத்தியது மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். தான் எழுதிய முடிவையே அந்த மனிதர் மறந்துவிட்டார். அந்த இடத்தில் மார்த்தின் வரி போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், ஒன்றுமில்லாத காரணத்துக்கு ஒரு வாழ்க்கையை மூடிவைத்தீர்கள் என்று எண்பத்திரண்டு வயதுக்காரரிடம் சொல்வதாகும். சொல்லாவிட்டால்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்க முயற்சி செய்த மூன்று தாள்கள் கூடையில் கிடக்கின்றன.

6

ஆகவே மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) குறிப்பைப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறோம். தொகுப்பு வெளிவருமுன் கோர்வால் இறந்துவிடுகிறார். எல்லோருக்கும் சௌகரியம். கதைகளில் கிழவர்கள் இப்படி ஒத்துழைப்பது வழக்கம்.

(ஆ) புத்தகத்தை நான் அமெதேயின் பெட்டியிலேயே கொண்டுபோய்ச் செருகிவிடுகிறேன். எதுவும் நடக்கவில்லை. இந்த முடிவு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் என்னை மதிக்கமாட்டீர்கள்.

(இ)

"என்ன எழுதுற?" பக்கத்து அறையிலிருந்து மார்த். "மூணு நாளா பேனா கீறுற சத்தம் கேக்குது. நான் சொல்லாம நீ என்னத்த எழுதுற?"

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

"நான் அதுல என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"முள்ளங்கி தின்னுட்டிருக்கீங்க."

"வெண்ணெ எவ்ளோன்னு எழுதிடாத, டாக்டர் காதுக்குப் போயிடும். ஆமா, முடிவு?"

"மூணு வெச்சிருக்கேன், மதாம்."

"மூணு வெச்சிருக்கறவன்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். அவன் போன்ல என்ன சொன்னான்னு இன்னும் நீ எனக்கு முழுசாச் சொல்லல. இப்பச் சொல்லு."

சொன்னேன். 'கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுத்தானே சொன்னாங்க' என்ற இடம் வந்ததும் அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு, "ரயிலுக்கு டிக்கெட் போடு" என்றார்.

7

வியாழக்கிழமை. ஓசேரில் இறங்கி டாக்ஸி பிடித்தோம். புத்தகம் என் பையில், மடிப்புக் கலையாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில். மார்த் வழிநெடுக ஒத்திகை பார்த்தார். 'மிகுந்த தயக்கத்துடன்' என்று ஒரு தொடக்கம். 'அரை நூற்றாண்டுக்கு முன்' என்று இன்னொன்று. "சே, எல்லாம் கட்டுரையா வருது!" என்று தன் தொடையில் தானே அடித்துக்கொண்டார். என் இரண்டாவது பிரிவு உங்களுக்கு நினைவிருக்கும். அவரும் என்னைப்போலத் தொடக்கங்களைக் கைவிடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கோர்வால் வாசலிலேயே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப்பட்டை. அவர் வீட்டுக்கு ஒரு பெரிய எழுத்தாளர் வருகிறார் அல்லவா! மேசைமேல் ஆப்பிள் பணியாரமும் பிளம் சாராயமும் இருந்தன. அலமாரியில் மார்த்தின் புத்தகங்கள் வரிசையாக, பழையவை எல்லாம் வெட்டிப் படித்தவை. அதை நான் பார்த்தேன். மார்த்துக்குத் தெரியாது.

"உக்காருங்க மதாம், இந்த நாற்காலி..."

"உங்க புத்தகத்த நான் படிக்கல," என்றார் மார்த் நின்றபடியே. "நாப்பத்தெட்டு பக்கம் படிச்சேன். மிச்சத்த நானா எழுதிக்கிட்டேன். நீங்க அத நம்பிட்டீங்க. மன்னிப்புக் கேக்க வந்தேன், ஆனா அது போதாதுன்னு எனக்கே தெரியும்."

நான் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். கோர்வால் தன் நீல மையைப் பார்த்தார். மடிப்புகளின்மேல் விரலை ஓட்டினார், ஒவ்வொன்றாக. முகம் காது மடல் வரை சிவந்துபோயிற்று. சட்டென்று திரும்பிச் சமையலறைக்குப் போனார். உள்ளே இழுப்பறை திறந்து மூடும் சத்தம். ஏதோ கீழே விழுந்தது.

"என்ன பண்றாரு?" மார்த் என் கையைப் பிடித்தார்.

"கத்தியோட வர்றாரு, மதாம்."

"நியாயந்தான்," என்றார் அவர், நகராமல்.

ரொட்டிக் கத்தி அது. கோர்வால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு நாற்பத்தொன்பதாம் பக்கத்து மடிப்பில் கத்தியை நுழைத்தார்.

"அய்யா, வெட்டாதீங்க! அதுதான் சாட்சி. அது போயிட்டா நீங்க சொல்றத யாரும்..."

"யாருக்குக் காட்டப்போறேன் தம்பி?" நிமிரவே இல்லை. கரகரவென்று காகிதம் பிரிந்தது. "அவ தண்ணியப் பாத்துட்டே நிக்கிறான்னு அம்பத்தாறு வருஷமா எனக்குள்ள நிக்க வெச்சிருக்கேன். அவ எங்க போனான்னு நான் பாக்கணும். எனக்குக் கண்ணாடி போட்டும் இந்தப் பொடி எழுத்து புரிபடாது. நீங்க படிங்க."

அவர் வெட்ட வெட்ட நான் படித்தேன். மூன்று மணி நேரம். மார்த் நாற்காலி நுனியில் இருந்தார். நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் மூன்று பேரும் சிரித்தோம். நூற்றெழுபதில் கோர்வால், "இத நானா எழுதுனேன்?" என்றார். "பேசாம இருங்க!" என்று மார்த் அதட்டினார். பணியாரத்தை யாரும் தொடவில்லை. கடைசி மடிப்பை வெட்டும்போது அவர் அவசரப்பட்டதில் தாளின் ஓரம் கிழிந்தது. நான் இருநூற்றெட்டாம் பக்கத்தைப் படித்து முடித்தேன்.

8

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மதகுக்காரி என்னதான் செய்தாள்? மூன்று படகுகளும் என்ன ஆயின?

எழுதத்தான் நினைத்தேன். மூன்று வரியில் சொல்லியும்விடலாம், அதைவிடப் பெரிய ஆசை இப்போது எனக்கு இல்லை. ஆனால் இப்படி ஒரு கதை எழுதிக்கொண்டிருப்பதை அங்கேயே கோர்வாலிடம் சொல்லிவிட்டேன். அவர், "எல்லாம் எழுதுங்க, என் கழுத்துப்பட்டைய வேணா எழுதுங்க. முடிவ மட்டும் எழுதாதீங்க தம்பி. இந்தத் தடவயாவது படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். ஆகவே என் கதைக்கு முடிவு இல்லை. அது அவர் புத்தகத்தில் இருக்கிறது.

குறிப்பு நாளைக் காலை பதிப்பகத்துக்குப் போகிறது. அதை நிரூபிக்க இனி எதுவும் இல்லை. மார்த்தின் சொல் ஒன்றுதான். மாற்றலாமா என்று கேட்டேன். "ஒரு கமா கூட மாத்தாத" என்றார்.

அதற்கு முன், நான் கடைசி வரியைப் படித்து முடித்த அந்த நிமிடத்துக்கு வருகிறேன். கோர்வால் கத்தியைத் துடைத்து வைத்தார். காகிதத் தூளை உள்ளங்கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு மார்த்தைப் பார்த்தார். முகம், புத்தகம் அனுப்பிய அந்த இருபத்தாறு வயதுக்காரன் முகம்.

"சொல்லுங்க மதாம். காத்துட்டிருக்கேன். எப்படி இருக்கு?"

மார்த் வாய் திறந்தார். ஒரு வரி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடமாக அந்த முகத்தை எனக்குத் தெரியும். அருமையான வரியாகத்தான் இருந்திருக்கும். கையும் மேசையைத் தட்ட உயர்ந்தது. உயர்ந்த கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியல," என்றார். "அந்த நாப்பத்தெட்டு பக்கத்தயும் ரயில்ல பாதித் தூக்கத்துலதான் படிச்சேன். காரைக்கால், மொதப் பக்கத்துலேர்ந்து படி."

கோர்வால் எழுந்து போய் அடுப்பில் சூப்பு வைத்தார். நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.